குழந்தையோட ஜிம்னாஸ்டிக்ஸ் அகாடமியை மாத்தலாமா? எப்போ, ஏன், எப்படி?

இரண்டு வருஷமா ஃபீஸ் கட்டியாச்சு, குழந்தை இன்னும் கார்ட்வீல் போட்டுட்டுதான் இருக்கு. பக்கத்து ஏரியா அகாடமியில் அதே வயசுப் பசங்க பின்பக்கமா வளைஞ்சு எழுந்து நிக்கிறாங்க. போதாததுக்கு இன்ஸ்டாகிராமில் மெடலோடு ஒரு போட்டோ வேற. ஜிம்னாஸ்டிக்ஸ் வகுப்பு முடியக் காத்திருக்கும் பெற்றோர் மத்தியில் ‘மாத்திடலாமா?’ என்ற கேள்வி பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்குது.

ஆனால் 5 முதல் 9 வயதுக் குழந்தையின் பயிற்சி இடத்தை மாற்ற மெடல் சரியான காரணமா? மாற்றினால் குழந்தை பின்தங்கிவிடுமா? எந்த மாதிரிப் பிரச்சினைக்குப் பேசிப் பார்க்கலாம், எதற்கு மறுநாளே வெளியேறணும்? விரிவாகப் பார்ப்போம்.

மாற்றினால் எதிர்காலம் போய்விடுமா?

பெற்றோரைப் பிடித்து வைப்பது பெரும்பாலும் இந்தப் பயம்தான். ‘இந்த வயசுல விட்டா அவ்வளவுதான்’ என்று அகாடமி தரப்பிலேயே சொல்லப்படுவதும் உண்டு. நடைமுறை அப்படி இல்லை.

சர்வதேச ஜிம்னாஸ்டிக்ஸ் கூட்டமைப்பின் விதிப்படி, சீனியர் பிரிவில் போட்டியிட பெண்களுக்கு அந்த ஆண்டில் 16 வயது ஆகணும், ஆண்களுக்கு 18. அதாவது 6 வயதுச் சிறுமி ஒலிம்பிக் பக்கம் போகவே குறைந்தது 10 வருஷம் இருக்கு. உஸ்பெகிஸ்தானின் ஒக்சானா சுசோவிட்டினா 46 வயதில் டோக்கியோ ஒலிம்பிக்கில் இறங்கினார். அது அவருக்கு 8-வது ஒலிம்பிக்.

இடம் மாறியவர்களும் ஜெயித்திருக்கிறார்கள். அமெரிக்காவின் கேபி டக்ளஸ் 2010-ல், 14 வயதில், வர்ஜீனியாவில் இருந்த வீட்டை விட்டு ஐயோவா மாகாணத்தில் லியாங் சோ என்ற கோச்சிடம் போய்ச் சேர்ந்தார். இரண்டே வருஷத்தில், 2012 லண்டன் ஒலிம்பிக்கில் தனிநபர் ஆல்-ரவுண்ட் தங்கம் வென்றார். சிமோன் பைல்ஸ் 6 வயதில் பயிற்சி தொடங்கிய இடத்தை விட்டு 2014-ல் வெளியேறினார். கோச் ஏமி பூர்மன் அவரோடு வந்தார். பைல்ஸின் பெற்றோரே புதிய பயிற்சி மையம் கட்டினார்கள். ரியோ ஒலிம்பிக்குக்குப் பிறகு கோச்சும் மாறினார்.

இவர்கள் விதிவிலக்கான திறமைசாலிகள், உண்மைதான். ஆனால் 14 வயதில், போட்டி உச்சத்தில் மாறியதே அவர்களை முடக்கவில்லை என்றால், 6 வயதில் ஹேண்ட்ஸ்டாண்ட் பழகும் குழந்தைக்கு மாற்றத்தால் வரும் இழப்பு சில வாரங்கள்தான்.

அப்போ அடிக்கடி மாத்தலாமா?

அதுவும் இல்லை. இந்தியாவில் இருந்தே எதிர் உதாரணம் இருக்கு. அகர்தலாவைச் சேர்ந்த தீபா கர்மாகர் சிறு வயதில் இருந்து பிஷ்வேஷ்வர் நந்தியிடம் பயிற்சி பெற்றார். தட்டைப் பாதம் ஜிம்னாஸ்டிக்ஸுக்குப் பாதகமானது. அதைச் சரிசெய்யவே நிறைய உழைக்க வேண்டியிருந்தது. வசதியான கருவிகளும் அங்கே இல்லை. அந்தச் சூழலில் இருந்து வந்து 2016 ரியோ ஒலிம்பிக்கில் வால்ட் இறுதிப் போட்டியில் 15.066 புள்ளிகளுடன் 4-வது இடம் பிடித்தார். வெண்கலத்துக்கும் அவருக்கும் இடைவெளி 0.150 மட்டுமே.

பளபளப்பான ஹால் இல்லாத இடத்திலும் குழந்தையை நன்றாகப் புரிந்துவைத்திருக்கும் கோச் இருந்தால், அதை விட்டுவிட்டு ஏசி ஹாலைத் தேடிப் போவதில் லாபம் குறைவு. இரண்டு பக்க உதாரணங்களையும் சேர்த்துப் பார்த்தால், குழந்தையின் வளர்ச்சியைத் தீர்மானிப்பதில் கட்டடத்தை விட, லெவலை விட, கோச்சுக்கும் குழந்தைக்கும் இடையிலான உறவுக்குப் பங்கு அதிகம் என்பது தெரியும். முடிவெடுக்க அளவுகோலும் அதுதான்.

‘ஸ்லோவா போகுது’ என்பது பிரச்சினையா?

பெரும்பாலும் இல்லை. இந்த வயதில் கற்க வேண்டியது நேரான ஹேண்ட்ஸ்டாண்ட், முழங்காலை மடக்கி மெத்தென்று இறங்குவது, அடிபடாமல் விழுவது போன்ற அடிப்படைகள். இவை வீடியோவில் எடுபடாது. ஆனால் இவை சரியாக வராத குழந்தையைப் பேக் ஹேண்ட்ஸ்பிரிங் போடச் சொன்னால், அந்தச் சுமை மணிக்கட்டிலும் முதுகிலும் போய் இறங்கும்.

வளரும் குழந்தைகளின் எலும்பு முனைகளில் இருக்கும் வளர்ச்சித் தட்டு எலும்பைவிட மென்மையானது. கையை ஊன்றி உடல் எடையைத் திரும்பத் திரும்பத் தாங்கும்போது மணிக்கட்டின் வளர்ச்சித் தட்டு பாதிக்கப்படலாம். ‘ஜிம்னாஸ்ட் ரிஸ்ட்’ என்று இதற்குத் தனிப் பெயரே உண்டு. தொடர்ந்து பின்னால் வளைவதால் கீழ் முதுகெலும்பில் விரிசல் வருவதும் இந்த விளையாட்டில் தெரிந்த காயம்.

அதனால் அடிப்படைக்கு நேரம் எடுக்கும் கோச்சை ‘சொல்லித்தரத் தெரியாதவர்’ என்று முத்திரை குத்துவதற்கு முன் யோசிக்கணும். மெடல் விஷயத்தில் ஒரு கேள்வி போதும்: அந்தப் பிரிவில் எத்தனை பேர் போட்டியிட்டார்கள்? 3 பேர் இறங்கிய பிரிவில் கிடைத்த வெண்கலத்துக்கும் 40 பேர் இறங்கிய பிரிவில் கிடைத்த 8-வது இடத்துக்கும் உள்ள வித்தியாசம் போட்டோவில் தெரியாது.

உலகம் கற்ற கசப்பான பாடம்

அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் அணியின் டாக்டராக இருந்த லாரி நாசருக்கு, பாலியல் வன்கொடுமை வழக்கில் 2018 ஜனவரியில் மிச்சிகன் நீதிமன்றம் 40 முதல் 175 ஆண்டுகள் சிறைத் தண்டனை விதித்தது. 150-க்கும் அதிகமான பெண்கள் நீதிமன்றத்தில் வாக்குமூலம் கொடுத்தார்கள். டெக்சாஸில் இருந்த தேசியப் பயிற்சி முகாமுக்குள் பெற்றோருக்கு அனுமதி இல்லை. அங்கும் குற்றம் நடந்தது. சில சம்பவங்கள், சிகிச்சை என்ற பெயரில், பெற்றோர் அதே அறையில் இருக்கும்போதே நடந்தன.

பிரிட்டனில் வழக்கறிஞர் ஆன் வைட் தலைமையிலான விசாரணை அறிக்கை 2022 ஜூனில் வெளியானது. 400-க்கும் மேற்பட்டோர் விசாரணைக்குத் தகவல் கொடுத்திருந்தார்கள். அவற்றில் 40 சதவீதத்துக்கும் அதிகமானவை கோச்சுகளின் உடல்ரீதியான கொடுமையைப் பற்றிப் பேசின. வலியோடு பயிற்சி செய்ய வைப்பது, எடையைச் சொல்லி அவமானப்படுத்துவது, வலுக்கட்டாயமாக உடலை வளைப்பது எல்லாம் அதில் அடக்கம். இதன் தொடர்ச்சியாக, 10 வயதும் அதற்குக் கீழும் உள்ள ஜிம்னாஸ்ட்களை எடை பார்க்கவே கூடாது என்று 2023-ல் பிரிட்டிஷ் ஜிம்னாஸ்டிக்ஸ் அமைப்பு விதி கொண்டுவந்தது.

இந்த இரண்டிலும் பெற்றோருக்குப் பாடம் இருக்கு. கண்ணாடி வழியாக வகுப்பைப் பார்க்க முடிவது அவசியம்; ஆனால் அது மட்டும் போதாது. ‘எனக்கு வலிச்சது, எனக்குப் பிடிக்கல’ என்று குழந்தை பயப்படாமல் சொல்லும் நிலை வீட்டிலும் வகுப்பிலும் இருக்கணும்.

எப்போது மறுநாளே நிறுத்தணும்?

கீழே உள்ளவற்றில் ஒன்று நடந்தாலும் ‘இன்னும் ஒரு மாசம் பார்ப்போம்’ என்பதற்கு இடமில்லை.

• அடிப்பது, கிள்ளுவது, தண்டனையாக நிற்க வைப்பது.
• குழந்தை அழும்போதும் ஸ்ப்ளிட்டில் மேலே உட்கார்ந்தோ, காலை அமுக்கியோ இழுப்பது.
• உடல் எடை, நிறம், சாப்பாடு பற்றிக் கேலி செய்வது.
• காயத்தோடு பயிற்சி செய்யச் சொல்வது.
• ‘இதை வீட்ல சொல்லாதே’ என்பது. குழந்தையைத் தனியாக அழைப்பது, குழந்தைக்குத் தனியாக மெசேஜ் அனுப்புவது.
• பெற்றோர் எப்போதுமே பார்க்க முடியாத மூடிய கதவு.

பாலியல் அத்துமீறல் சந்தேகம் இருந்தால் இது அகாடமி மாற்றும் விஷயம் மட்டுமில்லை. 2012 போக்சோ சட்டத்தின் 19-வது பிரிவுப்படி, விஷயம் தெரிந்த எவரும் போலீஸில் தெரிவித்தே ஆகணும். மறைத்தால் தண்டனை உண்டு. நிறுவனத்தின் பொறுப்பாளர் மறைத்தால் ஓராண்டு வரை சிறை. குழந்தைகள் உதவி எண் 1098. பொறுப்பில் இருக்கும் ஒருவர் குழந்தையை அடித்துக் கொடுமை செய்தால் சிறார் நீதிச் சட்டத்தின் 75-வது பிரிவும் இருக்கிறது.

எப்போது பேசிப் பார்க்கலாம், எப்போது காத்திருக்கலாம்?

ஒரு கோச்சுக்கு அளவுக்கு அதிகமான குழந்தைகள், மாசத்துக்கு ஒரு புது கோச், திடீரென்று இரட்டிப்பாகும் பயிற்சி நேரம், கேள்வி கேட்டால் மழுப்பும் பதில் ஆகியவை பேச வேண்டிய விஷயங்கள். வகுப்பு வாசலில் நின்று கேட்காமல், நேரம் வாங்கித் தனியாகப் பேசலாம். ‘அடுத்த ஆறு மாசத்துல என்ன கத்துக்கொடுக்கப் போறீங்க?’ என்ற கேள்விக்கு ஒரு நல்ல கோச்சிடம் தெளிவான பதில் இருக்கும். பேசிய பிறகும் எதுவும் மாறவில்லை என்றாலோ, கேட்டதற்காகக் குழந்தையை வகுப்பில் ஓரங்கட்டினாலோ, மாற்ற அதுவே போதுமான காரணம்.

பயிற்சி நேரத்துக்கு விளையாட்டு மருத்துவத்தில் பரவலாகச் சொல்லப்படும் எளிய கணக்கு ஒன்று உண்டு: வாரத்துக்கு இத்தனை மணி நேரம் என்பது குழந்தையின் வயதைத் தாண்டக் கூடாது. 7 வயது என்றால் வாரத்துக்கு 7 மணி நேரத்துக்குள். வாரத்தில் ஒன்றிரண்டு நாள் முழு ஓய்வும் வேணும்.

சில விஷயங்களுக்குக் காத்திருக்கலாம். பீமில் இருந்து விழுந்த பயம், ஃப்ரெண்ட் நின்றுவிட்டதால் வந்த சலிப்பு, திடீரென்று உயரம் கூடும்போது ஏற்கெனவே வந்த அசைவுகளும் தடுமாறுவது போன்றவை புது அகாடமியிலும் பின்னாலேயே வரும்.

புது இடத்தில் என்ன பார்க்கணும்?

டெமோ வகுப்பில் எல்லோரும் சிரிப்பார்கள். அதனால் சாதாரண நாளில், முன்கூட்டிச் சொல்லாமல் ஒரு வகுப்பு முழுவதையும் பார்ப்பது நல்லது. நன்றாகச் செய்யும் குழந்தையை விட்டுவிட்டு, திணறும் குழந்தையிடம் கோச் எப்படி நடந்துகொள்கிறார் என்று கவனிக்கணும்; நாளைக்கு அந்த இடத்தில் நம்ம வீட்டுக் குழந்தையும் நிற்கலாம்.

• கோச்சின் தகுதி என்ன? பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டு நிறுவனத்தின் டிப்ளமோ அல்லது சான்றிதழ்ப் படிப்பு, சர்வதேசக் கூட்டமைப்பின் பயிற்சி போன்றவை இருக்கா?
• குதித்து இறங்கும் இடங்களில் தடிமனான மெத்தை இருக்கா? இடைவெளி, கிழிசல் இல்லாமல் இருக்கா?
• முதலுதவி தெரிந்தவர் வகுப்பு நேரத்தில் இருக்கிறாரா?
• புகார் சொல்ல கோச்சைத் தவிர வேறு ஒருவர் இருக்கிறாரா?
• வீட்டில் இருந்து எவ்வளவு தூரம்? வாரத்தில் மூன்று நாள், போக வர 2 மணி நேரம் டிராஃபிக்கில் போனால் குழந்தையின் தூக்கமும் விளையாட்டும் அதில் கரைந்துவிடும்.

அரசு பார்த்துக்கொள்ளாதா?

2025-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம், பெண்களையும் சிறார்களையும் பாதுகாக்கும் ‘பாதுகாப்பான விளையாட்டு’ கொள்கை வேண்டும் என்கிறது. முக்கியமான அடிதான். ஆனால் அந்தச் சட்டம் விளையாட்டுக் கூட்டமைப்புகளையும் அவற்றோடு இணைந்த அமைப்புகளையும் மையமாகக் கொண்டது. எந்தச் சங்கத்திலும் சேராமல் மாடியில் இயங்கும் அகாடமியின் அன்றாட வகுப்பைப் பார்க்கும் கண் பெற்றோருடையதுதான்.

கட்டிய ஃபீஸ்?

வருஷ ஃபீஸ் கட்டிவிட்டோமே என்பதற்காகவே பல குடும்பங்கள் தயங்குகின்றன. போன பணத்தைக் காப்பாற்ற இன்னும் 8 மாசம் குழந்தையை அனுப்புவது நல்ல கணக்கு இல்லை. ரசீதும் சேர்க்கைப் படிவமும் கையில் இருந்தால், மீதித் தொகையை எழுத்துப்பூர்வமாகக் கேட்கலாம். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் பலன் இல்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் புகாருக்குக் கட்டணம் இல்லை. 2 வருஷத்துக்குள் புகார் செய்யணும். புது இடத்தில் முதல் மூன்று மாசமாவது மாதக் கட்டணமாகக் கட்டுவது பாதுகாப்பு.

குழந்தைகிட்ட எப்படிக் கேட்பது?

‘ஜிம்னாஸ்டிக்ஸ் பிடிச்சிருக்கா?’ என்றால் பெரும்பாலும் ‘ம்’ என்றுதான் பதில் வரும். ‘இன்னைக்கு யாராவது அழுதாங்களா? சார் என்ன சொன்னாரு? எப்போ பயமா இருந்துச்சு?’ என்று கேட்டால் வகுப்பே கண்முன் வரும். வகுப்பு நாளில் மட்டும் வயிற்றுவலி, திடீரென்று படுக்கையில் சிறுநீர் கழிப்பது, சாப்பிட மறுப்பது என்று இருந்தால் அதையும் பதிலாகவே எடுத்துக்கொள்ளணும்.

மாற்றுவது என்று முடிவானால், பாதுகாப்புப் பிரச்சினை இல்லாத பட்சத்தில், பழைய கோச்சிடமும் நண்பர்களிடமும் குழந்தை விடைபெற்று வரட்டும். ‘நீ சரியா செய்யலன்னு மாத்தல’ என்பதை வெளிப்படையாகச் சொல்லணும். புது இடத்தில் முதல் ஆறு வாரம் லெவல் பற்றி எதுவும் கேட்காமல் இருப்பது நல்லது. அதன்பிறகு குழந்தை சொல்லாமலே பையை எடுத்துக்கொண்டு கிளம்புகிறதா என்று பார்த்தால் போதும். மாற்றம் சரிதானா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.