யாழ் யார் கையில்?

கானல்வரியைப் பாடம் நடத்தும்போதெல்லாம் மாணவர்கள் தவறாமல் கேட்பார்கள்: ஒரு பாட்டுக்காகவா பிரிவார்கள்? ஊழ்வினை என்று சொல்லித் தப்பித்துக்கொள்வது எங்கள் வழக்கம். இளங்கோவே அந்த வாசலைத் திறந்துவைத்திருக்கிறார்; யாழிசையைச் சாக்காகக் கொண்டு ஊழ் வந்தது என்கிறார். எனக்கு அதில் உடன்பாடில்லை.

புகார்க் கடற்கரையில் முதலில் பாடுபவன் கோவலன். வேறொருத்தியை எண்ணிப் பாடுகிறானோ என்று ஐயுற்றும் மாதவி எழுந்து போகவில்லை. தன் ஊடலைப் பாட்டாகவே திருப்பித் தருகிறாள். அவனோ அவள் பாட்டைக் கேட்டதும் எழுந்து போய்விடுகிறான். 1008 கழஞ்சு பொன்னுக்கு அவள் மாலையை வாங்கியவனுக்கு, அவள் தன் விருப்பப்படி பாடிய ஒரு பாட்டு பொறுக்கவில்லை.

இன்றைய படுக்கையறையிலும் யாழ் பெரும்பாலும் ஆண் கையில்தான். இளையராஜா ஒலிக்காத இரவும் ஓர் இரவா என்பார்கள் நண்பர்கள். மனைவி இந்திப் பாட்டு கேட்டால் ரசனையில்லை. மௌனம் கேட்டால் மனசே இல்லை! நானும் பதினைந்து ஆண்டுகள் அப்படித்தான் இருந்தேன். விளக்கணைந்ததும் என் பாட்டுதான். ஒருநாள் அவள் சொன்னாள்: "நீங்க பாட்டோட இருக்கீங்க. நான் பக்கத்துல இருக்கேன், அவ்வளவுதான்."

ரசனை வேறுபடுவது குற்றமன்று. தன் ரசனையால் மற்றவரின் அன்பை அளப்பதே குற்றம். கோவலனிடம் யாழ் இருந்தது, குரல் இருந்தது, செவி இல்லை. அந்தக் குறைக்கு ஊழ் என்று பெயரிட்டு அவனை, அவன் வழியாக நம்மை, விடுவித்துக்கொள்ள வேண்டாம்.