தோண்டுறதுக்கு முன்னாடி பாருங்கய்யா!

"தொல்லியல் ஆய்வுன்னு வந்தாலே ப்ராஜெக்ட் லேட், செலவு டபுள்" என்று புலம்பும் மகாஜனங்களே, ஒரு கணக்கு கேளுங்க.

1989, லண்டன். ஆபீஸ் கட்டடம் எழும்ப வேண்டிய இடத்தில் 1587-ல் கட்டிய ரோஸ் நாடக அரங்கம் தட்டுப்பட்டது. ஷேக்ஸ்பியர் நாடகம் நடந்த இடம்! நடிகர்கள் திரண்டு போராடினார்கள். வேலை நின்றது, டிசைன் மாறியது. செலவு ஏறியது ஆய்வாலா? இல்லை சார், அனுமதி கொடுத்த பிறகு தோண்டிப் பார்த்ததால்!

1990-ல் இங்கிலாந்து நெறிமுறை போட்டது: அனுமதிக்கு முன்பே மண்ணைச் சோதி, செலவு கட்டுகிறவனுடையது.

நம்ம 2010 சட்டத் திருத்தமோ பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடை, அடுத்த 200 மீட்டர் கட்டுப்பாடு என்பதோடு சரி. இன்னும் மண்ணுக்குள்ளேயே கிடப்பதை யார் காப்பது?

1850-களில் ஹரப்பா செங்கல்லை ரயில் பாதைக்குக் கொட்டியவன் வெள்ளைக்காரன். இன்றைக்கு ஜேசிபி நம்ம கையில்!