கண்ணாடி தொடைக்க வந்த மீனும் ஊசுட்டேரிக் கரையும்

மக்களே, ஒரு சின்ன கேள்வி. மீன்தொட்டிக்கு 'சக்கர்' வாங்கினப்போ கடைக்காரர்கிட்ட என்ன கேட்டீங்க? "எவ்ளோண்ணே?" அதானே? நானும் அதைத்தான் கேட்டேன். கேட்டிருக்க வேண்டியது, "எவ்ளோ பெருசா வளரும்ணே?"

நம்மகிட்ட இருக்கறது ரெண்டடித் தொட்டி. சுமார் 55 லிட்டர் தண்ணி, நாலு அமேசான் ஸ்வார்ட் செடி, கொஞ்சம் வாலிஸ்னேரியா. ஆபீஸ்ல ஆணி புடுங்கிட்டு வந்து, ராத்திரி அது முன்னாடி உக்காந்தாதான் எனக்கு மூச்சே வரும். அதுல பாசி புடிச்சுது. கடைக்காரர், "தம்பி, இத ஒண்ணு வுடு, கண்ணாடி பளபளன்னு ஆயிடும்"னு ஒரு விரல் நீள மீனைக் கவர்ல போட்டுக் கொடுத்தார். பேரு 'டேங்க் கிளீனர்'.

ரெண்டு வருஷத்துல அது ஒரு அடியைத் தாண்டிடுச்சு. திரும்பறதுக்கே தொட்டியில இடம் இல்ல. வால ஒரு சுழட்டு சுழட்டினா செடியெல்லாம் வேரோட மேல மிதக்கும். அது பாசியைத் தின்னதை விட போட்ட கழிவுதான் அதிகம். "வாயில்லா ஜீவன்டா, பாவம்"னு அம்மா சொல்லும். எனக்கு என்னவோ அது முழுக்க வாயாத்தான் தெரிஞ்சுது!

கடைக்காரர் திருப்பி வாங்க மாட்டேன்னுட்டார். "ஊசுட்டேரில வுட்டுடு, புண்ணியமாப் போவும்"னார் மாமா. ஒரு ஞாயித்துக்கிழமை காலையில பக்கெட்டை எடுத்துக்கிட்டு பைக்ல கிளம்பியும் போயிட்டேன். கரையில நின்னப்போ எதிர்ல நாரைகள் மேஞ்சிட்டு இருந்துச்சு. 2008-ல் புதுச்சேரி அரசு பறவைகள் சரணாலயமா அறிவிச்ச ஏரி அது. கையில பக்கெட். விடறதா வேணாமா?

அந்தப் புண்ணியத்துல என்ன இருக்குன்னு கொஞ்சம் பாப்போம். இந்த மீனுக்குச் சொந்த ஊரு தென் அமெரிக்கா. ஒன்றரை அடி வரைக்கும் வளரும். உடம்பு பூரா எலும்புத் தகடு, துடுப்புல முள்ளு. காத்தை முழுங்கி வயித்துலயே ஆக்சிஜனை எடுத்துக்கும், அதனால அழுக்குத் தண்ணியிலயும் சாகாது. கரையைக் குடைஞ்சு பொந்து போட்டு முட்டை வைக்கும். திருவனந்தபுரத்து வாய்க்கால்லயும் கிழக்கு கொல்கத்தா சதுப்பு நிலத்துலயும் இது குடியேறி வருஷக்கணக்காச்சு. வலையைக் கிழிக்குதுன்னு ஆந்திரா மீனவர்கள் இதைப் பிசாசு மீன்னே கூப்பிடறாங்க. வங்காளதேசம் 2023-ல் தடையே போட்டுடுச்சு. அவ்வளவு தூரம் எதுக்கு, நம்ம ஜிலேபி மீனையே எடுத்துக்கங்க. 1952-ல் வெளிநாட்டுலேர்ந்து கொண்டாந்தாங்க. இன்னைக்கு அது இல்லாத ஏரியைக் காட்டுங்க பாக்கலாம்.

பக்கெட்டோட திரும்பி வந்தேன். இப்போ வீட்டுக்குப் பின்னாடி சிமெண்ட் தொட்டியில இருக்கு. பத்து வருஷத்துக்கு மேல இருக்குமாம். இருக்கட்டும், வாங்கினது நான்தானே?

சரி, செடித் தொட்டிக்கு எதைத்தான் வாங்கறது? பிளீகோவுல நூத்துக்கணக்கான வகை இருக்கு. பேர் வைக்கறதுக்குள்ள மீன் வந்து குவிஞ்சதால, 1988-ல் ஒரு ஜெர்மன் பத்திரிகை எல்1, எல்2னு நம்பர் போட ஆரம்பிச்சுது, நாம பக்குக்கு ஐடி போடற மாதிரி. அதுல எல்46, அதாவது வரிக்குதிரை பிளீகோ, பாக்க அழகு. ஆனா பாசி பக்கம் அவ்வளவா போகாது, மாமிசப் பிரியர். பிரேசில்ல சிங்கு ஆத்துல மட்டும்தான் இருக்கு, அங்கயும் அணை கட்டி அதுக்கு ஆபத்து. அதனால வேணாம். கிளவுன் பிளீகோ மூணரை இஞ்சுதான், ஆனா கட்டையைத்தான் சுரண்டும். ஆட்டோசின்க்ளஸ் ரெண்டு இஞ்ச் கூட வராது, செடியைத் தொடாது. ஆனா பெரும்பாலும் ஆத்துல புடிச்சு அனுப்பறது, புதுத் தொட்டியில சட்டுனு செத்துடும்.

என் ஓட்டு பிரிசில்நோஸுக்கு. அதான், ஆணுக்கு மூஞ்சி பூரா மீசை முளைக்குமே, அது. நாலஞ்சு இஞ்சோட வளர்ச்சி நின்னுடும். தொட்டியிலயே குஞ்சு பொரிக்கும், அப்பா மீன்தான் காவல். நம்ம ஊரு போர் தண்ணியையும் தாங்கும். ஒரே ஒரு மீன், ஒரு மரக்கட்டை, ஒளிஞ்சுக்க ஒரு கொட்டாங்குச்சி, வாரத்துக்கு ரெண்டு நாள் வெள்ளரிக்காய்த் துண்டு போதும். பட்டினி போட்டா மட்டும் அமேசான் ஸ்வார்ட் இலையைச் சுரண்டும்.

நான் சொல்ல வர்றது இவ்ளோதான். மீன் கடையில விலைக்குப் பக்கத்துலயே முழு வளர்ச்சி எத்தனை இஞ்ச்னு எழுதி வைக்கணும். எழுதாத கடையில நாம கேக்கணும். பாசி வர்றது அதிக வெளிச்சத்தாலயும் அதிகத் தீனியாலயும். அதைக் குறைக்காம மீனை வேலைக்காரனா வச்சா, கடைசியில தண்டனை அனுபவிக்கறது ஏரிதான்.

டிஸ்கி: கண்ணாடியை இப்போ நானே தொடைக்கிறேன். பழைய ஏடிஎம் கார்டு போதும், சூப்பரா வழிக்குது.