நள்ளிரவு 2 மணிக்கு உங்க ஐடியில் லாகின் ஆனது யார்? பதில் சொல்ல ‘லாக்’ இருக்கணும்!

பாடாலூரில், திருச்சி - சென்னை நெடுஞ்சாலையோரம் கடை வைத்திருக்கும் ஒருவர் வாசலில் கேமரா மாட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாதம் கழித்து, பைக் திருட்டு விஷயமாக போலீஸ் வந்து பழைய வீடியோவைக் கேட்கிறது. ஹார்ட் டிஸ்க் சின்னது. பத்து நாளைக்கு முந்தையது எல்லாம் அழிந்து, அதன் மேலேயே புதுசு பதிவாகியிருக்கிறது. கேமரா இருந்தது, சாட்சி இல்லை!

உங்க ஆபீஸ் சர்வரிலும் இதே கதை நடக்கலாம். அங்கே தொலைவது உங்களுக்கான சாட்சி.

எங்கே பதிவாகிறது?

காலையில் ஆபீஸ் லேப்டாப்பில் பாஸ்வேர்டு போடுகிறீர்கள். நீங்கள் யார், எந்த ஃபோல்டரைத் திறக்கலாம் என்பதைப் பல நிறுவனங்களில் முடிவு செய்வது மைக்ரோசாஃப்டின் ‘ஆக்டிவ் டைரக்டரி’. ஊழியர் பதிவேடும் சாவிக்கொத்தும் ஒன்றாகச் சேர்ந்த மாதிரி. இது இயங்கும் சர்வருக்கு ‘டொமைன் கன்ட்ரோலர்’ என்று பெயர்.

அங்கே நடக்கும் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. லாகின் வெற்றி என்றால் 4624, தோல்வி என்றால் 4625, கணக்கு லாக் ஆனால் 4740. யாராவது பாதுகாப்புப் பதிவேட்டையே அழித்தால் அதற்கும் 1102 என்று ஒரு பதிவு விழும். பதிவேட்டுக்கு ஒதுக்கிய இடம் நிரம்பினால், வழக்கமான செட்டிங்கில் பழையது போய் புதியது ஏறும்.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவின் இணையப் பாதுகாப்பு அமைப்பான ‘செர்ட்-இன்’ 2022 ஏப்ரல் 28-ல் பிறப்பித்த உத்தரவுப்படி, நிறுவனங்கள் தங்கள் கணினி அமைப்புகளின் லாக்-ஐ 180 நாட்களுக்குப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். சைபர் தாக்குதல் தெரியவந்தால் 6 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும்.

அந்த 180 நாளும் பல நேரம் போதாது. 2020 டிசம்பரில் வெளிச்சத்துக்கு வந்த ‘சோலார்விண்ட்ஸ்’ தாக்குதலில், விஷமம் கலந்த அப்டேட் அந்த ஆண்டு மார்ச்சிலேயே வாடிக்கையாளர்களுக்குப் போகத் தொடங்கிவிட்டது. கண்டுபிடிக்க ஒன்பது மாதம் ஆனது.

எவ்வளவு இடம் வேண்டும்?

பள்ளிக்கூடப் பெருக்கல் கணக்குதான். விநாடிக்கு 10 பதிவுகள் விழுகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளுக்கு 86,400 விநாடி; ஆக 8,64,000 பதிவுகள். ஒரு பதிவு சராசரியாக 1 கேபி என்றால், ஒரு நாளுக்குச் சுமார் 0.86 ஜிபி. 180 நாளுக்குச் சுமார் 155 ஜிபி. உங்க போன் மெமரி அளவுதான்!

ஆனால், அந்த ‘10’-ஐ ஊகிக்கக் கூடாது, அளக்கணும். ஒருமுறை லாகின் செய்தால் ஒரு பதிவு மட்டும் விழாது. அனுமதிச் சீட்டு வாங்குவது, ஷேர் ஃபோல்டரைத் தொடுவது என்று வரிசையாக விழும். திங்கள்கிழமை காலையும் ஞாயிறு மதியமும் ஒன்றில்லை. அதனால், ஒரு முழு வாரம் எண்ணிப் பார்க்கணும். ஒவ்வொரு டொமைன் கன்ட்ரோலரும் தன் பதிவேட்டைத் தனியாகத்தான் எழுதும். எனவே எல்லாவற்றையும் எண்ணணும். எல்லா ஆடிட் செட்டிங்கையும் ‘ஆன்’ செய்து, விநாடிக்கு 100 பதிவுகள் ஆகிவிட்டால், 155 ஜிபி என்பது ஒன்றரை டிபியைத் தாண்டும்.

செலவு ஆகுமே?

நியாயமான கேள்வி. லாக்-ஐக் கண்காணிக்கும் மென்பொருள்கள் பலவும் ஒரு நாளுக்கு எத்தனை ஜிபி என்று பார்த்துத்தான் கட்டணம் வாங்குகின்றன. அதனால்தான் முன்கூட்டியே கணக்குப் போடச் சொல்கிறோம். எது தேவை என்று தேர்ந்தெடுங்கள். சமீபத்திய 30 நாள் உடனே தேடும்படி இருக்கட்டும். மீதியைச் சுருக்கி, வேறு இடத்தில் வையுங்கள். அதே சர்வரில் வைத்தால், உள்ளே புகுந்தவன் அதையும் அழித்துவிட்டுப் போவான்.

பட்ஜெட்டில் மிச்சமான இடத்தில் லாக்-ஐத் திணிப்பது நிறுவனத்துக்குச் சிக்கனமாகத் தெரியலாம். நாளைக்கே உங்க ஐடியில் யாரோ ஃபைலைத் திருடி, விசாரணை வந்தால்? எந்தக் கணினியிலிருந்து, எத்தனை மணிக்கு என்று காட்ட லாக் இல்லையென்றால், விரல் நீளப்போவது உங்களை நோக்கித்தான்.

இன்னிக்கே ஐடி டீமிடம் ஒரு கேள்வி கேளுங்க: “நம்ம லாக் எத்தனை நாளைக்கு இருக்கும்?” ‘தெரியலையே’ என்று பதில் வந்தால், பாடாலூர் கடை கேமராவுக்கும் உங்க ஆபீஸுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.