எல்லாம் கொஞ்சம் தெரிந்தவரா, ஒன்றில் கில்லாடியா? ஐ.டி. வேலையில் யார் நிலைக்கிறார்கள்?

2025 ஜூலையில் டிசிஎஸ் நிறுவனம் உலகம் முழுவதும் சுமார் 12,000 பேரை, அதாவது தன் ஊழியர்களில் 2 சதவீதத்தினரை, வேலையிலிருந்து அனுப்பப்போவதாகச் சொன்னது. அதிகம் அடிபட்டது ஃப்ரெஷர்கள் இல்லை. நடுத்தர, மூத்த நிலையில் இருந்தவர்கள். ஏஐ காரணமில்லை, திறன் பொருந்தாததும் வேறு ப்ராஜெக்ட்டில் அமர்த்த முடியாததும்தான் காரணம் என்றார் தலைமைச் செயல் அதிகாரி கே.கிருத்திவாசன். அப்படியென்றால் அத்தனை வருட அனுபவம் எங்கே போனது?

இதைப் புரிந்துகொள்ள ஓஎம்ஆரைவிட விருத்தாசலம் நல்ல இடம். சேத்தியாத்தோப்பில் பஸ் ஏறினால் போய்விடலாம். அங்குள்ள பீங்கான் தொழிற்பேட்டையில் தயாரான சரக்குகளில் ஒன்று, வீட்டு மெயின் பாக்ஸில் இருக்கும் ஃபியூஸ் கேரியர். புதுவீடுகளில் எம்சிபி வந்தபிறகு அதை யார் கேட்கிறார்கள்? அச்சில் அழுத்தி அந்த ஒரு பொருளை எடுக்க மட்டுமே தெரிந்தவருக்குச் சிக்கல்தான். ஆனால் களிமண், ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் கலவை எந்தச் சூட்டில் எப்படி மாறும், சூளையில் ஏன் விரிசல் விடும் என்று தெரிந்தவர் இன்சுலேட்டர், சானிட்டரிவேர் என்று நகர்ந்துவிடலாம். இருவருமே ஸ்பெஷலிஸ்ட்தான். ஒருவர் பொருளில், இன்னொருவர் மண்ணில்.

ஐ.டி.யிலும் இதே கதை நடந்தது. ஒருகாலத்தில் இணையத்தையே ஆண்ட ஃப்ளாஷுக்கு 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு ஆதரவை நிறுத்தியது அடோபி. எந்த மெனுவில் எந்த பட்டன் என்பது மட்டும் தெரிந்தவருக்குக் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. அதன் ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட்டை ஒரு நிரல்மொழியாகவே படித்தவருக்கு ஜாவாஸ்கிரிப்ட் பங்காளி வீடு மாதிரி. இரண்டுக்கும் அடிப்படை ஒரே தரநிலைதான்.

அதற்காகப் பத்து டூல்களை ரெஸ்யூமில் அடுக்கினால் போதுமா? சின்ன ஸ்டார்ட்அப்பில் அது உதவும். ஒரே ஆள் கோடிங், டெஸ்டிங், சர்வர் எல்லாம் பார்க்க வேண்டியிருக்கும். பெரிய நிறுவன இன்டர்வியூவில் இரண்டாவது கேள்வியிலேயே சாயம் வெளுத்துவிடும். அகலம் உள்ளே நுழையவும் இடம் மாறவும் உதவும். சம்பளம் கூடுவது பெரும்பாலும் ஆழத்துக்குத்தான். ஆகவே கேட்டுக்கொள்ள வேண்டியது இது: இப்போதைய கிளையன்ட்டின் சொந்த சாஃப்ட்வேரை எடுத்துவிட்டால், தெரிந்ததில் எவ்வளவு மிஞ்சும்?

ப்ராஜெக்ட் முடிந்ததும் உட்கார்ந்து படித்துக்கொள்ளலாம் என்ற கணக்கும் இனி எடுபடாது. டிசிஎஸ் 2025 ஜூனில் கொண்டுவந்த விதிப்படி, ஓர் ஆண்டில் பெஞ்சில் இருக்க அனுமதி 35 வேலை நாட்கள்தான்.