எர்த் எங்கே பாஸ்?

ட்ரிபிள் ஈ படிக்கிற நண்பர்களே, ஒரு சின்னக் கேள்வி. எர்த்திங் எதுக்கு? 'ஷாக் அடிக்காம இருக்க'ன்னு ரெண்டு மார்க் பதில் சொல்றவங்க, சாத்தூர் பக்கம் எங்க தாயில்பட்டிக்கு ஒரு நடை வந்துட்டுப் போங்க.

சுத்துவட்டாரம் முழுக்கப் பட்டாசு ஆலைங்க. மருந்து கலக்குற அறையில சாதாரண சுவிட்ச், பல்புக்கெல்லாம் இடமே இல்லை. அப்புறம் அங்கே கரண்ட் எங்கே? உள்ளே நுழையுற ஆளோட உடம்புல!

நைலான் துணி, வறண்ட காத்து, நாலு எட்டு நடை... போதும். மனுஷ உடம்பு சுமார் 100 பிக்கோஃபாரட் கெப்பாசிட்டர். அதுல 10,000 வோல்ட் ஏறினா, அரை சி வி ஸ்கொயர் போட்டுப் பாருங்க. 5 மில்லிஜூல். நமக்கு அது 'சுள்'ளுனு ஒரு கடி, அவ்வளவுதான். சில மருந்துக் கலவை பத்திக்க அதைவிடக் குறைவே போதும். அதனாலதான் அங்கே பருத்தித் துணி. அதனாலதான் வாசல்ல, பூமியோட இணைச்ச செம்புத் தகடைத் தொட்டுட்டு உள்ளே போகணும்.

2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. கிட்டத்தட்ட 40 உயிர். 2021 பிப்ரவரி 12, அச்சங்குளம். சுமார் 20 உயிர். அங்கே எர்த்திங்தான் காரணம்னு நான் சொல்ல வரலை. ஆனா உராய்வோ, ஸ்டாட்டிக்கோ, மருந்துக்கு ஒரே ஒரு பொறி போதும். அதுல ஒரு வகைப் பொறியைத் தடுக்கிற வேலை நம்ம டிபார்ட்மென்ட்டோடது.

தகடு இருந்தா மட்டும் போதுமா? அது நிஜமாவே பூமியைத் தொடுதான்னு அளக்கணும். ஸ்டாட்டிக் இறங்க 10 லட்சம் ஓம் இருந்தாலும் பரவாயில்லை. மைக்ரோ ஆம்பியர்தான் ஓடும். இடிதாங்கிக்கோ 10 ஓமுக்குள்ள வேணும். அதுல ஓடுறது ஆயிரக்கணக்கான ஆம்பியர். இந்த வித்தியாசம் புரிஞ்சா எர்த்திங் பாடம் பாதி முடிஞ்சுது.

மீதிப் பாதி கையால கத்துக்கிறது. எர்த் டெஸ்டர் வெச்சு ஒரு கம்பியைத் தூரத்துல அடிச்சு, இன்னொண்ணை அந்தத் தூரத்துல 62 சதவீதத்துல அடிச்சு அளந்து பாருங்க. ஐப்பசி மழைக்கு அப்புறம் ஒரு தடவை, சித்திரை வெயில்ல ஒரு தடவை. மண்ணு காய்ஞ்சா ரீடிங் எப்படி ஏறுதுன்னு தெரியும்.

உங்க லேப் அலமாரியில ஒரு எர்த் டெஸ்டர் தூங்கிட்டிருக்கலாம். சாவி யார்கிட்டன்னு இந்த வாரமே கேளுங்க. லேப் அசிஸ்டென்ட் அண்ணனையும் கூட்டிக்கிட்டு, உங்க காலேஜ் எர்த் குழியிலிருந்தே ஆரம்பிங்க!