ஆயிரவர் பக்கம் நின்று பேசுவார் யார்?

காப்பியத்தில் நாம் யாருக்காகக் கண்ணீர் வடிக்கிறோம் என்பதை நம் நெஞ்சமே முடிவு செய்வதாக எண்ணுகிறோம். உண்மையில் அதனை முடிவு செய்பவன் கதை சொல்பவன். எவர் அருகில் அவன் நம்மை நிறுத்துகிறானோ, அவர் துயரே நம் துயராகிறது. மற்றவர் துயர் வெறும் செய்தியாகிறது. இதனை எண்ணாமல், சிலம்பில் நீதி முழுமையாக வென்றது என்று மேடைதோறும் முழங்குவோர் கூற்றை நாம் ஏற்பதற்கில்லை.

சேர இளவல் இயற்றியதாக மரபு போற்றும் அச்சிலப்பதிகாரத்தையே சான்றாகக் கொள்வோம். மாதவியை நாம் வெறுக்க முற்படும் வேளையில், இளங்கோவடிகள் அவளைப் பேசவைக்கிறார். மதுரை செல்லும் வழியில் கோசிகன் கொணர்ந்த அவள் மடலைப் படித்த கோவலன், பிழை தன்னுடையதே எனத் தெளிகிறான், நாமும் தெளிகிறோம். நெடுஞ்செழியன் ஆராயாது கொலைக்கு ஆணையிட்டவன். ஆயினும், தவறுணர்ந்து அவன் உயிர் துறக்கும் காட்சியை நம் கண்முன் நிறுத்தியதால், அவனுக்காகவும் இரங்குகிறோம்.

பொற்கொல்லர் நிலை யாது? வஞ்சகன் ஒருவன் சிலம்பைத் திருடினான். அதற்காகக் கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன், ஒரே பகலில் பொற்கொல்லர் ஆயிரவரைக் கண்ணகிக்குப் பலியிட்டான். நீர்ப்படைக் காதையில், கங்கைக் கரையில், மாடலன் இதனைச் செங்குட்டுவனுக்குச் சில அடிகளில் சொல்லி முடிக்கிறான். பின்னர் அந்தி சிவக்கிறது, பிறை தோன்றுகிறது. மாதவிக்கு ஒரு மடல் கிடைத்தது. மன்னனுக்கு ஒரு மாட்சிமிக்க முடிவு கிடைத்தது. ஆயிரவருள் ஒருவனுக்கேனும் ஒரு பெயர்தானும் கிடைக்கவில்லை.

'அஃது அக்கால வழக்கு' என்பர் சிலர். அவ்விடை பொருந்தாது. ஆராயாமல் ஒருவனைக் கொன்ற அரசுக்கு அறமே கூற்றாகும் என்று காட்ட எழுந்த காப்பியம் இது. அதே அளவுகோலை ஆயிரவர்க்கும் வைத்தால் காப்பியத்துக்கு இழுக்கு ஏதுமில்லை. நாம் வாழும் இம்மலையாள நாட்டில், எம். டி. வாசுதேவன் நாயர் 1984இல் வெளிவந்த 'ரண்டாமூழம்' நாவலில் பாரதக் கதையைப் பீமன் நோக்கில் சொன்னார். அதனால் பாரதம் சிறுமையுற்றதா? கண்டு பழகிய களத்தில் காணாத கண்ணீர் தெரிந்தது.

கொச்சித் தமிழர்க்கு இஃது ஏட்டளவில் நிற்கும் வழக்கன்று. மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் மூட்டை சுமப்பவரும், கணக்கெழுதுபவரும், கோட்டைக் கொச்சியின் சலவைத்துறையில் வெளுப்பவரும் ஒன்றறிவர்: நம்மில் ஒருவன் தவறினால், 'பாண்டிகள்' என்று பன்மையில் பேச்செழும். ஒருவன் குற்றம் ஓரினத்தார் அனைவர் தலையிலும் ஏறும் வலியை உணர்ந்த நாமே, அந்த ஆயிரவரைக் கடந்துபோய்க் கைதட்டலாமா?

பெற்றோர்களே, பிள்ளைகளுக்குக் கண்ணகி கதை சொல்லும்போது கொற்கையில் சற்றே நிறுத்துங்கள். 'இவர்கள் செய்த குற்றம் என்ன?' என்று குழந்தை கேட்கும். அதற்கு விடை சொல்லாமல் வஞ்சிக்குச் செல்லாதீர்கள்.